ஏகாரம் எங்கே விழுகிறது? கிருபை, கிரியை விவாதத்துக்கு எந்தத் தமிழ் வேதாகமம் வாங்கலாம்

மதுரையில் ஒரே குடும்பத்தில் அக்கா கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்குப் போவார், தங்கை நரிமேட்டு சி.எஸ்.ஐ. கதீட்ரலுக்குப் போவார், தங்கை வீட்டுக்காரர் மொட்டைமாடிக் கொட்டகையில் நடக்கும் பெந்தெகொஸ்தே ஆராதனைக்குப் போவார். விசேஷ வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் யாராவது ஒருவர், "மச்சான், நீங்க ரட்சிக்கப்பட்டாச்சா?" என்று ஆரம்பித்துவிட்டால் போதும். ஒருவர் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை எடுப்பார், இன்னொருவர் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தை எடுப்பார். அரைமணி நேரம் கழித்துக் காது கொடுத்துக் கேட்டால், சண்டை கிருபையைப் பற்றியே இருக்காது. அவரவர் கையிலுள்ள புத்தகத்தில் அச்சாகியிருக்கும் சொல்லைப் பற்றியதாக இருக்கும்.

அதனால்தான் இந்த விமர்சனம். வேதாகமம் எவ்வளவு அழகாக இருக்கிறது, ஜிப் உறை எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் கடைசியில். முதலில் பார்க்க வேண்டியது, மீட்பு கிருபையாலா, விசுவாசத்தாலா, நற்செயலாலா என்ற ஒரு கேள்வியைத் தமிழில் நேர்மையாகத் தொடர எந்தப் பதிப்பு உதவும், எது எங்கே காலை வாரும் என்பது. முக்கியமாக இரண்டு பதிப்புகள்: இந்திய வேதாகமச் சங்கம் அச்சிடும் பழைய மொழிபெயர்ப்பு, 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. மூன்றாவதாக, எளிதில் வாசிக்கும் பதிப்பு என்ற பெயரில் கிடைப்பதையும் போகிற போக்கில் தொட்டுக்கொள்வோம்.

பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம். ஹென்றி பவர் தலைமையில் பல சபையாரும் கூடி முடித்து 1871இல் வந்தது. ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் புரொட்டஸ்டண்ட் வீடுகளில் 'வசனம்' என்றால் இதுதான். மனப்பாடத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற எபேசியர் 2:8ஐ ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகூட மூச்சு விடாமல் சொல்லும். சிக்கல் என்னவென்றால், சொல்கிற பிள்ளை 9ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளும். "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று போகும் 10ஆம் வசனம் "ஏனெனில்" என்று தொடங்குகிறது. அதாவது 8, 9, 10 மூன்றும் சேர்ந்தே ஒரு வாதம். கிரியையால் மீட்பு இல்லை, கிரியைக்காக மீட்பு உண்டு. காலண்டரிலும் வாட்ஸ்அப் வாழ்த்திலும் முதல் இரண்டை மட்டும் வெட்டிப் போடுவதால் பவுலை நற்செயலுக்கு எதிரியாக்கிவிட்டார்கள்.

இந்தப் பதிப்பின் உண்மையான பலமும் பலவீனமும் ரோமர் 3:28இல் தெரியும். "ஆதலால், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறானென்று தீர்க்கிறோம்." இந்த வசனத்துக்குத்தான் புரொட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 'மட்டும்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை. ஏன் சேர்த்தாய் என்று கேட்டவர்களுக்கு 1530இல் அவர் கொடுத்த பதில், ஜெர்மன் பேச்சுவழக்கு அதைக் கேட்கிறது என்பது. தமிழில் அந்த வம்பே வேண்டியிருக்கவில்லை. 'விசுவாசத்தினாலேயே' என்ற ஒரு ஏகாரம் போதுமானதாயிற்று.

ஆனால் அது எந்த ஏகாரம்? பிரிநிலை ஏகாரம் என்று கொண்டால் 'விசுவாசம் ஒன்றினால், மற்ற எதனாலும் அல்ல' என்று ஆகும். லூத்தர் பக்கம். தேற்ற ஏகாரம் என்று கொண்டால் 'விசுவாசத்தினால்தான், சந்தேகம் வேண்டாம்' என்று அழுத்துவதோடு நின்றுவிடும், மற்றவற்றை வெளியே தள்ளாது. கத்தோலிக்கருக்கும் அதில் மறுப்பில்லை. பள்ளியில் இலக்கண வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தவர்களுக்கு இந்த விவாதத்தில் பெரிய அனுகூலம் உண்டு என்பது இதிலிருந்து விளங்கும். இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இந்தப் பதிப்பில் 'கிருபையினாலே', 'விசுவாசத்தினாலே' என்று ஒற்றை ஏகாரம் வருமிடமெல்லாம் அது வெறும் அக்கால உரைநடை வழக்கு. அதற்கு அழுத்தம் கற்பித்துப் பிரசங்கம் செய்யக் கூடாது. இரட்டித்து 'ஆலேயே' என்று வரும் இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும்.

'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் எதிர்மறையாக. யாக்கோபு 2:24: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறானென்று நீங்கள் காண்கிறீர்களே." கத்தோலிக்கர் தரப்பில் இது துருப்புச்சீட்டு. லூத்தர் 1522ஆம் ஆண்டு முன்னுரையில் யாக்கோபின் கடிதத்தை வைக்கோல் நிருபம் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். பழைய மொழிபெயர்ப்பு இந்த வசனத்தைப் பூசி மெழுகாமல் அப்படியே தந்திருக்கிறது. புரொட்டஸ்டண்டுகள் அதிகம் வாங்கும் பதிப்பு என்பதால் இதைத் தனியாகச் சொல்லிப் பாராட்ட வேண்டும். அதே அதிகாரம் 14ஆம் வசனத்தில், "அந்த விசுவாசம் அவனை இரட்சிக்குமா?" என்று வருகிறது. அந்த 'அந்த' மிக முக்கியம். கிரேக்கத்தில் அங்கே ஒரு சுட்டு இடைச்சொல் இருக்கிறது. பேச்சளவில் மட்டும் இருக்கும் 'அந்த மாதிரி' விசுவாசம் என்று புரொட்டஸ்டண்டுகள் விளக்குவதற்கு இடம் கொடுப்பது அந்த ஒரு சொல்தான். ஆங்கிலத்தின் பழைய ஜேம்ஸ் அரசர் பதிப்பில் அது விடுபட்டிருக்கிறது. தமிழில் விடுபடவில்லை.

இனி 'நீதிமானாக்கப்படுதல்'. இந்தப் பதிப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இது. 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தன் ஆறாவது அமர்வில் 16 அதிகாரங்களும் 33 சட்டங்களுமாக இந்தப் பொருளைத் தீர்த்துவைத்தது. அதன் ஏழாம் அதிகாரத்தின் கருத்து: கடவுள் மனிதரை நீதிமானாக்குவது பாவமன்னிப்போடு முடிவதில்லை, உள்மனிதனைப் புனிதப்படுத்திப் புதுப்பிப்பதும் அதில் அடங்கும். உள்ளேயே ஒரு மாற்றம், ஓர் 'ஆக்கம்'. லூத்தரும் கால்வினும் சொன்னது வேறு. இது நீதிமன்றத் தீர்ப்பு போன்றது. கிறிஸ்துவின் நீதியை நம் கணக்கில் எழுதி, 'நீதிமான்' என்று கடவுள் அறிவிக்கிறார். உள்மாற்றம் அதைத் தொடர்ந்து வரும், அதுவே தீர்ப்புக்குக் காரணம் ஆகாது. இப்போது தமிழைப் பாருங்கள். புரொட்டஸ்டண்டு கையில் இருக்கும் வேதாகமம் 'நீதிமான் ஆக்கப்படுகிறான்' என்கிறது. சொல்லளவில் இது திரெந்து சங்கத்தின் பக்கம் சாய்கிற சொல். அதனால்தான் சி.எஸ்.ஐ., லுத்தரன் போதகர்கள் பிரசங்கத்தில் ஒவ்வொரு முறையும், "ஆக்கப்படுதல் என்றால் இங்கே அறிவிக்கப்படுதல் என்று பொருள்" என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவித்தல் என்ற கருத்துக்கு இந்தப் பதிப்பில் நல்ல ஆதாரம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ரோமர் நான்காம் அதிகாரம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு 'எண்ணுதல்' வருமிடமெல்லாம் கோடு போடுங்கள். கிரேக்கத்தில் அந்த வினை அந்த ஒரே அதிகாரத்தில் 11 தடவை வருகிறது. "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்ற 4ஆம் வசனம் ஒன்றே போதும். கொத்தனாரும் சித்தாளும் சனிக்கிழமை மாலை வாங்குவது கூலி. மேஸ்திரி அதைத் தயவாகக் கொடுப்பதில்லை, கொடுக்கக் கடன்பட்டிருக்கிறார். பவுல் சொல்வது, கடவுளிடம் நமக்கு அப்படி ஒரு சனிக்கிழமைக் கணக்கு கிடையாது என்பது. 'எண்ணுதல்' இந்த இடத்தில் நினைத்தல் அல்ல, கணக்கில் வைத்தல். பழைய தமிழில் அந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருந்ததால் மொழிபெயர்ப்பு அழகாக அமைந்திருக்கிறது. இன்றைய வாசகர் 'நினைத்தார்' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் வாதத்தின் கூர் மழுங்கிவிடும்.

'கிரியை' என்ற சொல்லில் வேறொரு வேடிக்கை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குக் கிரியை என்றால் சைவத்தின் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கில் இரண்டாவது, அல்லது இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கு. அப்படி வளர்ந்த ஒருவர் ரோமர் 3:28ஐப் படித்தால் 'சடங்குகளால் மீட்பு இல்லை' என்றுதான் புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொள்வதில் பெரிய தவறும் இல்லை. பவுல் அங்கே முதலில் குறிப்பது விருத்தசேதனம், உணவுச் சட்டம், ஓய்வுநாள் போன்ற யூத அடையாளச் செயல்களைத்தான் என்று கடந்த அரை நூற்றாண்டில் வேதாகம அறிஞர்களில் ஒரு பெரிய பிரிவினர் வாதிட்டு வருகிறார்கள். யாக்கோபு குறிப்பதோ ஆடையில்லாதவருக்கு ஆடை, பசித்தவருக்கு உணவு. இரண்டு இடத்திலும் 'கிரியை' என்றே அச்சாகியிருப்பதால் இருவரும் நேருக்கு நேர் மோதுவதுபோலத் தெரிகிறது. கிரேக்கத்திலும் ஒரே சொல்தான் என்பதால் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. திண்டிவனத்திலுள்ள கத்தோலிக்க விவிலிய நடுவமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்தது. இரு தரப்பு அறிஞர்களும் உட்கார்ந்து செய்த வேலை என்றாலும் நடைமுறையில் கத்தோலிக்கப் பூசைகளில் வாசிக்கப்படும் நூலாகவே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை, பிரிவு அட்டவணை, இடைத்தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் உண்டு. கலாத்தியருக்குக் கடிதம் எழுத நேர்ந்த சண்டை என்ன என்று தெரியாமல் கலாத்தியரைப் படிப்பது, பஞ்சாயத்தில் தீர்ப்பை மட்டும் கேட்டுவிட்டு வழக்கைக் கேட்காமல் வருவதைப் போன்றது. முன்னுரைகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. இடைத்தலைப்புகளை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அவை பதிப்பாசிரியர் வைத்தவை, பவுல் வைத்தவை அல்ல.

இந்தப் பதிப்பில் 'நீதிமானாக்கப்படுதல்' இல்லை. அந்த இடத்தில் 'கடவுளுக்கு ஏற்புடையவர் ஆதல்' என்று வருகிறது. ஏற்புடைமை என்பது கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது. உள்ளே என்ன மாறியது என்பதை அந்தச் சொல் பேசவே இல்லை. யார் எதிர்பார்த்திருப்பார்? கத்தோலிக்கர் அதிகம் வாசிக்கும் பதிப்பு லூத்தருக்கு நெருக்கமான சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது, புரொட்டஸ்டண்டு வாசிக்கும் பதிப்பு திரெந்துக்கு நெருக்கமான சொல்லை வைத்திருக்கிறது. விசேஷ வீட்டு விவாதத்தில் மச்சானும் மாமனும் புத்தகத்தை மாற்றிக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

எபேசியர் 2:8 இதில், "நீங்கள் அந்த அருளாலேயே நம்பிக்கையின் வழியாக மீட்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று இருக்கிறது. அந்த இரட்டை ஏகாரம் எங்கே போய் விழுந்திருக்கிறது பாருங்கள். அருளின் மேல். நம்பிக்கை வழி, அருள் காரணம் என்று 'ஆலேயே', 'வழியாக' என்ற இரண்டு உருபுகளிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். பழைய மொழிபெயர்ப்பின் 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு' என்பதும் இதையே செய்கிறது என்றாலும், 'கொண்டு' என்ற சொல்லை இன்று பலரும் கருவி என்று உணர்வதில்லை. இந்த வசனத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் பொது மொழிபெயர்ப்புக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

பெரிய பள்ளம் இனிமேல்தான். 'நம்பிக்கை' என்ற சொல். பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று இருக்கும். பொது மொழிபெயர்ப்பில் அதே மூன்று "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" ஆகிவிட்டன. அதாவது ஒரே சொல், ஒன்றில் இரண்டாவதைக் குறிக்கிறது, மற்றொன்றில் முதலாவதைக் குறிக்கிறது. இதனால் வரும் விபத்துக்கு ரோமர் 8:24 நல்ல உதாரணம். பழைய மொழிபெயர்ப்பில், "அந்த நம்பிக்கையினாலே நாம் இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்" என்று இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பில் பழகிய ஒருவர் இதைப் பார்த்ததும், 'ஆகா, விசுவாசத்தால் மீட்பு என்று நேராகச் சொல்லியிருக்கிறதே' என்று எடுத்துக்கொள்வார். அங்கே பவுல் பேசுவது விசுவாசத்தைப் பற்றி அல்ல. இனி வரப்போவதைக் காத்திருக்கும் எதிர்நோக்கைப் பற்றி. இரண்டு பதிப்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் 1 கொரிந்தியர் 13:13 பக்க ஓரத்தில் பென்சிலால் இந்தச் சொல்மாற்றத்தைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

'விசுவாசமா, நம்பிக்கையா' என்பதிலேயே ஒரு தனி வழக்கு இருக்கிறது. நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம், விசுவாசமான வேலைக்காரர் என்கிறோம். அந்தச் சொல்லில் விசுவாசம் காட்டுகிறவரின் நடத்தை அடங்கியிருக்கிறது. நம்பிக்கை என்பதில் அது அவ்வளவாக இல்லை. பேங்க்கில் போட்ட பணம் திரும்ப வரும் என்பதும் நம்பிக்கைதான். கிரேக்கத்தின் 'பிஸ்திஸ்' இரண்டு பொருளையும் தாங்கும்: நம்புதல், உண்மையாயிருத்தல். ஆக, நற்செயலை விசுவாசத்திலிருந்து பிரிக்கவே முடியாது என்று வாதிட விரும்புகிறவருக்கு 'விசுவாசம்' வசதி. வெறுங்கையோடு பற்றிக்கொள்வதுதான் விசுவாசம் என்று வாதிட விரும்புகிறவருக்கு 'நம்பிக்கை' வசதி. இங்கும் சொற்கள் எதிரெதிர் வீட்டில்தான் குடியிருக்கின்றன. பழைய கத்தோலிக்கச் செபங்களில் 'விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி' என்று மூன்று உண்டு. பாட்டிமார் சொல்லும் அந்தச் செபத்தில் சொற்பொருள் பழைய மொழிபெயர்ப்போடுதான் ஒத்துப்போகிறது, இன்றைய திருவிவிலியத்தோடு அல்ல. ஒரே கத்தோலிக்க வீட்டுக்குள் பாட்டிக்கும் பேத்திக்கும் 'நம்பிக்கை' வேறு வேறு.

அருள் என்ற சொல்லுக்கும் இந்த ஊரில் பழைய சுவடு இருக்கிறது. "அருள் நிறைந்த மரியே" என்று இன்று சொல்லும் செபம் முன்பு "பிரியதத்தத்தினாலே பூரண மரியே" என்று இருந்தது. பிரியதத்தம் என்றால் பிரியமாய்த் தந்தது. பொருளை அப்படியே பிழிந்து கொடுத்த சொல், வழக்கொழிந்துபோனது வருத்தம்தான். 1606இல் இயேசு சபைக் குருவான ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து கத்தோலிக்கத் தமிழ் தனக்கென்று ஒரு சொற்களஞ்சியத்தை உண்டாக்கிக்கொண்டது. அதே மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளை மறுத்து வேத விளக்கம் எழுதினார். புரொட்டஸ்டண்டு பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரிகள் காங்கிரகேஷனல் மரபினர். திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிகன் மரபும், தஞ்சைப் பக்கத்து லுத்தரன் மரபும் வேறு. 1947இல் சி.எஸ்.ஐ. உருவானபோது காங்கிரகேஷனலும் ஆங்கிலிகனும் ஒரே சபையில் வந்து சேர்ந்தன. லுத்தரன் தனியாகவே நின்றது. 'புரொட்டஸ்டண்டுகள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்' என்று மொத்தமாய் அடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எத்தனை நூல்கள் என்ற கேள்வியில் தயக்கமே வேண்டாம். பழைய மொழிபெயர்ப்பில் 66. கத்தோலிக்கர் பயன்படுத்தும் முழுத் திருவிவிலியத்தில் 73. கூடுதல் ஏழில் தோபித்து, சீராக்கின் ஞானம், மக்கபேயர் இரண்டு நூல்கள் இந்த விவாதத்துக்கு நேரடியாகத் தேவை. தருமம் சாவினின்று காக்கும் என்பது தோபித்து 12:9. தருமம் பாவத்துக்குக் கழுவாய் என்பது சீராக் 3:30. இறந்தோருக்காக வேண்டுதல் 2 மக்கபேயர் 12. கத்தோலிக்கத் தரப்பு இவற்றை எடுத்து வைக்கும்போது, 66 நூல் வேதாகமத்தை வைத்திருப்பவர் புரட்டிப் பார்க்கவே வழியில்லாமல் "அப்படி ஒரு வசனம் கிடையாது" என்று சொல்லிவிடுவார். கிடையாது என்பதல்ல, அவர் கையிலிருக்கும் புத்தகத்தில் கிடையாது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் சபை மரபு. எதிராளி எதைப் படித்துப் பேசுகிறார் என்று தெரியாமல் மறுப்பது மட்டும் சரியாக வராது.

எளிதில் வாசிக்கும் பதிப்பு புதிதாகப் படிக்க வருகிறவருக்கும் சிறுவர்களுக்கும் நல்லது. இந்த விவாதத்துக்கு வேண்டாம். பவுலின் நீண்ட வாக்கியங்களைத் துண்டு துண்டாக்கித் தருவதால், எது காரணம், எது விளைவு என்று காட்டும் 'ஏனெனில்', 'ஆதலால்', 'படிக்கு' போன்ற கண்ணிகள் தளர்ந்துவிடுகின்றன. கிருபை, கிரியை வாதம் முழுவதும் நிற்பதே அந்தக் கண்ணிகளில்தான்.

வேதாகமம் மட்டும் போதாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைப் பேச்சில் கேட்ட திரெந்தையும் லூத்தரையும் நம்பி விவாதத்துக்குப் போனால் முதல் சுற்றிலேயே சறுக்கும். கத்தோலிக்கர் செயலால் மீட்பு என்று போதிக்கிறார்கள் என்பது மிகப் பரவலான தவறு. திரெந்தின் ஆறாம் அமர்வின் முதல் சட்டமே, கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதர் தம் செயல்களால் கடவுள்முன் நீதிமானாக முடியும் என்பவரைச் சபிக்கிறது. எட்டாம் அதிகாரம் இன்னும் ஒரு படி போய், நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வரும் விசுவாசமோ செயலோ அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை என்கிறது. அப்படியானால் சண்டை எங்கே? ஒன்பதாம் சட்டத்திலும் இருபத்துநான்காம் சட்டத்திலும். விசுவாசம் மட்டும் போதும், மனிதர் ஒத்துழைக்க வேண்டியதில்லை என்பதை ஒன்பது மறுக்கிறது. நற்செயல் என்பது பெற்ற நீதியின் கனியும் அடையாளமும் மட்டுமே, அந்த நீதியை வளர்ப்பதில் செயலுக்குப் பங்கில்லை என்பதை இருபத்துநான்கு மறுக்கிறது. மறுபக்கம், லுத்தரன்கள் நற்செயலை வேண்டாம் என்கிறார்கள் என்பதும் தவறு. லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையின் இருபதாம் பிரிவு, நற்செயலைத் தடுக்கிறோம் என்று நம்மேல் பொய்யாகக் குற்றம் சாட்டுகிறார்கள் என்றுதான் தொடங்குகிறது.

1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மொத்தம் 44 பத்திகள். மெதடிஸ்ட்டுகள் 2006இலும் சீர்திருத்த சபைகள் 2017இலும் சேர்ந்துகொண்டார்கள். 15ஆம் பத்தியின் சாரம்: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், தூய ஆவியைத் தந்து நற்செயலுக்கு அழைக்கிறார். இந்தப் பிரகடனம் எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். நீதிமானாக்கப்பட்ட பின்னும் விசுவாசி 'பாவி' என்று சொல்லலாமா, நற்செயலுக்குப் 'பேறுபலன்' உண்டா என்பவற்றில் அழுத்தங்கள் இன்றும் வேறுபடுகின்றன. பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதோ புரொட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே கால்வின் வழியாருக்கும் வெஸ்லி வழியாருக்கும் தீராத வழக்கு. பெந்தெகொஸ்தே மேடைகளில், விசுவாசத்திலிருந்து விழுந்துபோனவர்களைப் பற்றிப் பேசும் எபிரெயர் 6:4-6 அடிக்கடி எடுக்கப்படுவது இதனால்தான்.

அழகர்கோயில் வழியில் வைணவர்களிடம் இதைப் பேசினால் சிரிப்பார்கள். தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் பேசித் தீர்த்த, அல்லது தீர்க்காத, விஷயம் இது. உவமை முழுசாகப் பொருந்தாது. ஆனால் ஒத்துழைப்பு என்றால் என்ன என்பதை விளக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

வாங்கியபின் எப்படிப் படிப்பது? இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொடக்கநூல் 15:6இல் ஆரம்பியுங்கள். பழையதில் அது ஆதியாகமம். ஆபிரகாமைப் பற்றிய வசனம்: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." இந்த ஒரே வசனத்தைப் பவுல் ரோமர் 4:3இலும் கலாத்தியர் 3:6இலும், யாக்கோபு 2:23இலும் மேற்கோள் காட்டுகிறார்கள். பவுல் அதை 17ஆம் அதிகாரத்து விருத்தசேதனத்துக்கு முன் நடந்தது என்று காட்டுகிறார். யாக்கோபு அதை 22ஆம் அதிகாரத்து ஈசாக்கு பலியோடு இணைக்கிறார். ஆகவே ஆதியாகமம் 15, 17, 22. பிறகு ரோமர் 3:21 முதல் 4:25 வரை. பிறகு யாக்கோபு 2:14-26. அதற்கப்புறம்தான் எபேசியர் 2. கடைசியாக மத்தேயு 25:31-46. தீர்ப்பு நாளில் அங்கே யாரும் விசுவாச அறிக்கை கேட்கவில்லை, சாப்பாடு போட்டாயா என்று கேட்கிறார்கள் என்பதை இரு தரப்பும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பிலிப்பியர் 2:12ஐப் படித்தால் 13ஐ விடக் கூடாது: "இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற கையோடு, "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறவர் தேவனே என்று வருகிறது. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய வசனம் கலாத்தியர் 5:6: "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்."

நூற்பெயர்கள் குழப்பும். பழையதின் ரோமர் திருவிவிலியத்தில் உரோமையர், சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். இரண்டின் பொருளடக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தேடும் நேரம் மிச்சம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 73 நூல் திருவிவிலியத்தை வாங்குங்கள். முன்னுரையும் அடிக்குறிப்பும் கைபேசியில் படிக்க வசதிப்படாது; பழைய மொழிபெயர்ப்போ பல வேதாகமச் செயலிகளில் இலவசமாகவே இருக்கிறது. இரண்டு வாங்கலாம் என்றால் பழையதில் ஒத்துவாக்கியம், அதாவது தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் குறிப்பு, உள்ள பதிப்பு. வெறும் பதிப்பில் யாக்கோபிலிருந்து ஆதியாகமத்துக்குப் போகும் வழி தெரியாது. வீட்டில் தாத்தா காலத்துப் பிரதி இருந்தால் அதையே எடுக்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை 'னை', 'லை' கண்ணுக்குப் பழக இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.

கடையில் பணம் கொடுக்கும் முன் நடுவில் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். யாக்கோபு கடிதம் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. தையல் விடுவதும் பாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள்தொகுதி) மாறி அமைவதும் அந்த ஓரத்தில்தான் தெரியும். எபிரெயர் முடிவிலிருந்து 1 பேதுரு வரை பக்க எண் வரிசையாகப் போகிறதா என்று பாருங்கள். தாளின் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் ஊறிவிடும். சாதாரணப் பென்சில், அதுவும் கூர் மழுங்கியது, போதும்.